நான் பார்த்துக்கொண்ட கம்பு

என் ஈரச் சேலை, கடலை அளக்க வரும் கம்பு சாரின் முகத்தில் பட்டென்று அடித்த அந்தக் காலை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. கரையில் நல்ல காற்று. சேலையின் முந்தி அவர் கண்ணாடியைத் தட்டிவிட்டு, கையிலிருந்த டேப்பைச் சுற்றிக்கொண்டு, கடைசியில் அவரையும் கம்பையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டது.

சேலைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "பாட்டிம்மா, அளக்கிற கம்புல துணி காயப்போடலாமுங்களா?"

"சும்மாதானே நிக்கிது தம்பி. அதுக்கும் ஒரு சோலி வேண்டாமா?" என்றேன்.

அவர் சேலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, கம்பைப் பார்த்தார், என் அடுக்களையைப் பார்த்தார், மறுபடி கம்பைப் பார்த்தார். "வீட்டை முன்னாடி நீட்டிக் கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

அடுக்களைக்கு வெளியே நாலு கம்பு ஊன்றி ஓலை போட்டிருந்தோம். அதனால், "ஆமா, கொஞ்சம் நீட்டுனோம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அளக்கப் போய்விட்டார்.

அந்தத் தலையாட்டலில் எங்கள் ஊரே கவிழப் பார்த்தது. அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். போன வாரம் என் கல்யாணப் பந்தியில் சோறு தீர்ந்துபோன இடத்தில் நிறுத்தியிருந்தேன். அது அப்படியே நிற்கட்டும். பசித்தவர்கள் எல்லாரும் எப்படியோ சாப்பிட்டுவிட்டார்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு சொல். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அவள் டீச்சருக்குப் படித்தவள். என் பேச்சை அயர்ன் பண்ணி மடித்துத்தான் பத்திரிகைக்கு அனுப்புவாள். ஆட்கள் பேசிய பேச்சை மட்டும் கசங்கினபடியே விடச் சொல்லியிருக்கிறேன்.

கம்பு வந்த கதை

நாகர்கோவிலில் பஸ் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் எங்கள் ஊர். முதலில் மாதா கோயில், பிறகு சந்து சந்தாக வீடுகள், அதற்கும் அப்பால் கடலைப் பார்த்தபடி குருசடி. கல்பீடத்தின் மேல் ஒரு சிலுவை, அவ்வளவுதான். கடலுக்குப் போகிறவர்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வள்ளத்தில் ஏறுவார்கள். அதன் பக்கத்தில், முதல் வரிசையில், முதல் வீடு என்னுடையது. கடலுக்கும் எனக்கும் நடுவில் யாரும் கிடையாது.

சுனாமியைப் பற்றி முன்பு ஒரு வாரம் சொல்லி அழுதாயிற்று. வேறு இடத்தில் வீடு தருகிறோம் என்று அப்போதே சொன்னார்கள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். பழைய கடைக்காலின் மேலேயே என் மகன் அந்தோணி மறுபடி கட்டித் தந்தான்.

அதன் பிறகு எங்கள் கரைக்கு வராத ஆள் இல்லை. பால்பவுடரோடு வந்தார்கள், கேமராவோடு வந்தார்கள், சவுக்குக் கன்றோடு வந்தார்கள். கடலும் வந்தது. ஆவேசமாக இல்லை, பைய. ஒவ்வொரு ஆனி ஆடியிலும் கொஞ்சம் கரையைத் தின்றுவிட்டுப் போகும். தின்ற மண்ணைத் திருப்பித் தராது.

கரையில் கல் போட்டுத் தாருங்கள் என்று ஊரே போய்க் கேட்டது. எல்லாரையும்விடப் பெரிய சத்தம் என்னுடையதுதான். முதலில் போகப்போவது என் வீடல்லவா? ஆபீசில் இருந்தவர், "கடல் வருதுன்னு நீங்க சொன்னா போதாது. அளந்து காட்டணும்" என்றார்.

அளக்க வந்தவர்தான் கம்பு சார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒரு கல்லூரியில் கடலைப் பற்றிப் பாடம் எடுக்கிறார். கடலில் கால் நனைக்க மட்டும் அவருக்குப் பயம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகச் சாயம் அடித்த ஒரு கம்பைக் கரையில் ஊன்றினார். நாங்கள் பேசுவது பாட்டுப் பாடுவதைப் போல இருக்கிறது என்று சிரித்தார். அவர் பேச்சில்தான் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' வால்போலத் தொங்கும்.

"மாசா மாசம் வருவேனுங்க. கம்புல இருந்து, அலை ஏறி நனைக்கிற கோடு வரைக்கும் அளப்பேன். தூரம் குறைஞ்சா கடல் வருதுன்னு அர்த்தம். பாட்டிம்மா, நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. கம்பைப் பத்திரமா பார்த்துக்கங்க."

அத்தனை கூட்டத்தில் என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"நான் பாத்துக்கிடுகேன் தம்பி. அதுக்கு ஒரு கேடும் வராது" என்றேன்.

வரவும் விடவில்லை.

கரையேற்று

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடல் பொங்கி ஏறும்போது தண்ணீருக்குப் பக்கத்தில் எது கிடந்தாலும் மேலே இழுத்துப் போட வேண்டும். யாருடைய வள்ளம், யாருடைய வலை என்று கேட்கக் கூடாது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியின் கட்டுமரமாக இருந்தாலும் இழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் பேசாமல் இருந்துகொள்ளலாம். இதற்குக் கரையேற்று என்று பெயர். செய்கிறவனுக்கு நன்றி கிடையாது, செய்யாதவனுக்குப் பெண் கிடையாது.

அந்த வருஷம் ஆனியில் கடல் ஏறியது. வள்ளங்களை எல்லாம் இழுத்துப் போட்டார்கள். திரும்பிப் பார்த்தால் கம்பு மட்டும் முழங்கால் தண்ணீரில் தள்ளாடிக்கொண்டு நிற்கிறது.

"எலேய் அந்தோணி! சாருக்க கம்புலே! சவம் கடல்ல போயிரும்!" என்று கத்தினேன்.

அந்தோணி பிடுங்கிக்கொண்டு வந்தான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பொறுப்பு என்று வந்துவிட்டால் நான் கண்டிப்பு. சார் தண்ணீரிலிருந்து எவ்வளவு தள்ளி ஊன்றினாரோ அவ்வளவு தள்ளித்தானே மறுபடி ஊன்ற வேண்டும்? அவர் முதல் நாள் அளந்தபோதே நான் பழைய வலைக்கயிற்றில் அந்த நீளத்துக்கு ஒரு முடிச்சு போட்டு வைத்திருந்தேன். கயிற்றின் ஒரு முனையை அலை நனைத்த கோட்டில் வைத்து என் நாத்தனார் பிலோமினா பிடித்துக்கொண்டாள். முடிச்சு வந்த இடத்தில் கம்பை ஊன்றினோம். துல்லியம் என்றால் அப்படியொரு துல்லியம்.

"அவருக்குக் கண்டா தெரியாது மைனி" என்றாள் பிலோமினா.

"தெரியப்பிடாது. வேற எடத்துல நின்னா மனுசன் வெப்ராளப்பட்டுப் பதறிருவாரு" என்றேன் நான்.

அப்புறம் ஒவ்வொரு முறை கடல் ஏறும்போதும் இதே வேலைதான். வள்ளம், வலை, கம்பு. அது பைய நகர்ந்து நகர்ந்து என் அடுக்களைக்கு நேரே வந்து நின்றது. வந்த விருந்தாளியைச் சும்மா நிற்கவிடுவானேன் என்றுதான் கொடியைக் கட்டினேன்.

சார் மாசா மாசம் வருவார். பஸ்ஸில் இறங்கி, நேரே கம்புக்குப் போய், குனிந்த தலை நிமிராமல் அளப்பார். அவர் பார்வை எல்லாம் கம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில்தான். கரை முழுக்க மணல். கோயம்புத்தூர்க்காரர் எதை வைத்து அடையாளம் காண்பார்? கம்பு அடுக்களைக்குப் பக்கத்தில் வந்ததைக்கூட, வீடுதான் நீண்டுவிட்டது என்று நம்பிவிட்டாரே.

மாமியாரும் மருமகளும்

சாரோடு எப்போதும் சண்டை போட ஒருத்தி வருவாள். பெயர் ஷீலா. நாகர்கோவில் பிள்ளை. இயற்கையைக் காப்பாற்றுகிற சங்கத்தில் இருந்தாள். தோளில் துணிப்பை, வாயில் கோஷம். மீன் விற்கிற பெண்களிடமிருந்து பிளாஸ்டிக் பையை எல்லாம் பிடுங்கிக்கொண்டு துணிப்பை கொடுத்தவள் அவள்தான். பிலோமினா அந்தத் துணிப்பையில் சாளை மீன் வாங்கிக்கொண்டு நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு, கிடப்பில் இருந்த சம்பந்தியைப் பார்க்கப் போனாள். வழியெல்லாம் மீன்தண்ணீர் சொட்டி, பஸ்ஸில் அவளுக்கு மட்டும் மூன்று பேர் உட்காருகிற சீட்டு தனியாகக் கிடைத்தது. "பிளாஸ்டிக்க நிறுத்துனது கொள்ளாம், நல்லதுதான்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

ஷீலாவும் சாரும் என் முற்றத்தில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டே ஒருத்தரையொருத்தர் கடிப்பார்கள்.

"சாரே, நீங்க அளந்து முடிக்கதுக்குள்ள ஊரு போயிரும்."

"அளக்காம சொன்னா யாருங்க நம்புவாங்க?"

"கண்ணால பாத்தா தெரியாதா? கடல் பொறுமைய இழந்துட்டுது."

"எத்தனை மீட்டர் இழந்துச்சுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"பூச்சி மருந்த கண்டுபிடிச்சு ஊரெல்லாம் அடிச்சது ஒங்க ஆளுவதானே?"

"அந்த மருந்துல பறவைக சாகுதுன்னு கண்டுபிடிச்சு சொன்னதும் எங்க ஆளுகதானுங்க. அதைக் கேட்டுத்தான் உங்க சங்கமெல்லாம் பொறந்துச்சு."

"நாங்க கத்தலேன்னா நீங்க சொன்னத ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான்."

"நாங்க சொல்லலேன்னா என்னன்னு கத்துவீங்க?"

எனக்கு இதைக் கேட்கக் கேட்கச் சிரிப்பாக வரும். ஏனென்றால் இந்த இரண்டு கூட்டத்தையும் நான் சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளைப் பவுடர் அடிக்க வந்தவர்கள், "இத அடிச்சா கொசு போகும், காய்ச்சல் போகும்" என்றார்கள். எங்கள் அம்மா சாமி அறையில்கூட அடிக்கச் சொன்னாள். கொசு போயிற்று. காய்ச்சலும் குறைந்தது, பொய் சொல்லக் கூடாது. பிறகு ஒருத்தர் வந்து அந்தப் பவுடர் விஷம் என்றார். நூல்வலை வேண்டாம், நைலான் வலை வாங்குங்கள் என்றார்கள், வாங்கினோம். பிறகு நைலான் அறுந்து கடலில் கிடந்தால் ஆமை மாட்டிச் சாகிறது என்றார்கள். சவுக்கு நட்டால் காற்று தடைபடும் என்றார்கள். பிறகு ஒரு பிள்ளை வந்து, சவுக்கு வளர்ந்தால் ஆமை முட்டை போட எங்கே போகும் என்று அழுதது.

ஒரு தடவை ஷீலா எங்களை எல்லாம் வேன் வைத்து ஆரல்வாய்மொழிக்குக் கூட்டிப்போனாள். மலைக் கணவாயில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. "கரி எரிக்காம கரண்டு. இதுதான் நல்லது" என்றாள். பிலோமினா மெதுவாக, "இத்தன காத்தையும் இஞ்சயே பிடிச்சிட்டா நம்ம வள்ளத்துப் பாய்க்கு வருமா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு அதை விளக்கிக்கொண்டே வந்தார். பிலோமினா தூங்கிவிட்டாள். அவர் நிறுத்தவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தச் சயின்ஸும் இந்தச் சுற்றுச்சூழலும் மாமியாரும் மருமகளும் மாதிரி. ஒரே அடுக்களை. ஒருத்தி உப்பு எவ்வளவு என்று அளந்துகொண்டு நிற்பாள், இன்னொருத்தி சோறு குழைகிறது என்று கத்துவாள். தனிக்குடித்தனம் போகவும் மாட்டார்கள். போனால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது.

(இந்த இடத்தில் என் மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பொதுவாகச் சொன்னேன் என்று சொன்ன பிறகுதான் மறுபடி பேனாவை எடுத்தாள்.)

கோயில் ஹாலில் கூட்டம்

ஒரு வருஷம் ஆனபிறகு கோயில் ஹாலில் கூட்டம் போட்டார்கள். பங்குச் சாமியார் நடுவில், ஆபீசர் ஒரு பக்கம், சார் ஒரு பக்கம். ஊரே தரையில். கல் வருமா வராதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

சார் எழுந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "எனக்கே ஆச்சரியமா இருக்குதுங்க. பன்னெண்டு மாசமும் அளந்தேன். தூரம் கொஞ்சங்கூட குறையல. இந்தக் கரையில கடல் நகரவே இல்லீங்க."

ஹாலில் கூரை பறக்கிற மாதிரி சத்தம். "கடல் நகரலியா? எனக்க தெங்கு மரம் எஞ்ச போச்சு? பல்லி தின்னுட்டா?" என்று ஒருத்தன் கத்தினான். ஷீலா துணிப்பையைத் தரையில் அடித்து, "நான் சொன்னேன்லா, இவரு கம்பத்தான் பாப்பாரு, கடலப் பாக்க மாட்டாருன்னு!" என்றாள். ஆபீசர் சந்தோஷமாக எழுந்து கிளம்பப் பார்த்தார்.

எனக்குச் சாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நல்ல செய்தி சொன்ன மனுஷனை இப்படித் திட்டுகிறார்களே என்று நான் எழுந்தேன்.

"எல்லாரும் வாய மூடுங்க! சார் சொன்னது சரிதான். எப்பிடிக் குறையும்? நான் அந்தக் கம்ப எப்பிடிப் பாத்துக்கிட்டேன் தெரியுமா? கடல் ஏறும்போ எல்லாம் பிடுங்கி, கயிறு பிடிச்சு அளந்து, சார் நட்ட அதே தூரத்துல நட்டிருக்கேன். ஒரு விரக்கடை மாறாது!"

இடுப்பிலிருந்து முடிச்சுப் போட்ட கயிற்றையும் எடுத்துக் காட்டினேன். பிலோமினா எழுந்து, "இந்த முனைய நான்தான் பிடிச்சேன்" என்றாள். அவள் பங்கை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

சார் என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

"பாட்டிம்மா, அந்த வருஷம் பூராவும் நான் அளந்தது உங்க கயித்தைத்தானுங்க" என்றார்.

மணப்பெண்ணின் உயரம்

சிரிப்பு அடங்கியதும் ஆபத்து புரிந்தது. ஒரு வருஷ அளவு வீண். "பழைய கணக்கு ஏதாவது வேணுமுங்க. அசையாத ஒரு இடத்துல இருந்து, வருஷா வருஷம் கடல் எங்க நின்னுச்சுன்னு" என்றார் சார்.

அசையாத இடம் என்றால் குருசடி. வருஷா வருஷம் என்றால் கல்யாணம். எங்கள் ஊரில் கோயிலில் தாலி கட்டியதும் மாப்பிள்ளையும் பெண்ணும் குருசடியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, கடல் பின்னால் தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதை நினைவுபடுத்தியது ஷீலா. "சாரே, ஆல்பம்!" என்றாள். சாருக்கு முகம் மலர்ந்தது. முதல் தடவையாக இரண்டு பேரும் சண்டை போடாமல் ஒன்றாக எழுந்தார்கள்.

முதல் வரிசை வீடுகளில் ஆல்பம் இல்லை. சுனாமி எடுத்துக்கொண்டது. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களிடம்தான் இருந்தது. சொல்லிவிட்டதும் அவர்கள் ஆல்பத்தைச் சேலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். என் மூத்தவள் மேரியும் கிழக்கே பக்கத்து ஊரிலிருந்து வந்தாள். திருவிழாவுக்குக்கூட அத்தனை பேர் வந்ததில்லை.

சார் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்காமல் அவர்களுக்குப் பின்னால் இருந்ததை மட்டும் பார்த்தார். பெண்களுக்குக் கோபம்.

"சாரே, எனக்க நகையப் பாக்கலியே?"

"அலை எங்க இருக்குதுன்னு பார்க்கிறேனுங்க."

"அலை இன்னைக்கும் இருக்கு. நகைதான் இல்ல."

பிறகு அவர் கேட்டதுதான் எல்லாரையும் அலற வைத்தது. "இந்தப் பொண்ணு எவ்வளவு உயரமுங்க?"

"என்னத்துக்கு? கல்யாணம் முடிஞ்சு பிள்ளைக்கே பொண்ணு பாக்கோம்!" என்றாள் ஆல்பத்தோடு வந்தவர்களில் ஒருத்தியான லூர்து.

போட்டோவில் பெண்ணின் உயரம் தெரிந்தால் அதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடலாமாம். ஒவ்வொருத்தியாகக் குருசடிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து டேப் பிடித்தார். அன்றைக்கு ஒடிசலாக இருந்தவள் எல்லாம் இன்றைக்கு ஒரு வள்ளத்தை மறைக்கிற அளவு. "உயரத்த மட்டும் அளங்க சாரே, அகலத்துக்குப் போவாதீங்க" என்று மேரி சொன்னதும், கரையில் சிரிப்பு அடங்கவே இல்லை. ஒருத்தி கல்யாணத்தன்று குதிகால் செருப்பு போட்டிருந்ததை அவ்வளவு நாளும் புருஷனிடம் மறைத்து வைத்திருந்தாள். கணக்கு தப்பாகிவிடுமே என்று அங்கே வைத்து உடைத்துவிட்டாள். புருஷன் இரண்டு நாள் பேசவில்லை.

படங்களை வரிசையாகப் பாயில் பரத்தினோம். பழைய படங்களில் குருசடிக்கும் அலைக்கும் நடுவில் வள்ளங்கள் வரிசை வரிசையாகக் கிடந்தன, பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். கொஞ்ச வருஷம் கழித்து ஒரு வரிசை வள்ளம். பிறகு வள்ளமே இல்லை. கடைசிப் படத்தில் மணப்பெண்ணின் சேலை ஓரம் நனைந்திருந்தது.

சார் ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். "இதுல இருந்துதான் வேகமா போகுதுங்க. இது எப்ப எடுத்தது?"

"மேற்க அடுத்த ஊருல கல் போட்டு முடிச்ச வருசம்" என்றாள் லூர்து.

அவர் மணலில் கோடு போட்டு விளக்கினார். நீரோட்டம் மேற்கேயிருந்து மணலைச் சுமந்துகொண்டு வருகிறதாம். ஒரு ஊரில் கல் போட்டுத் தடுத்தால் மணல் அங்கேயே தங்கிவிடும். அடுத்த ஊருக்கு வந்து சேராது.

எனக்குப் பந்தி ஞாபகம் வந்தது. சோற்று வாளியை ஒருத்தன் தன் இலைப்பக்கமே நிறுத்திவைத்துக்கொண்டால் அடுத்த இலை காலி.

"அப்பம் நமக்குக் கல் போட்டா?" என்று கேட்டேன்.

சார் மணலில் போட்ட கோட்டைக் கிழக்கே நீட்டினார். என் மேரி ஆல்பத்தை மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். நமக்கு அடுத்த இலை அவளுடைய ஊர்.

கல் வேண்டும் என்று ஊரிலேயே பெரிய சத்தம் போட்ட வாய் அன்றோடு மூடிக்கொண்டது.

யாரும் தொடாத கம்பு

கல் வேண்டாம், முதல் வரிசை வீடுகளைப் பின்னால் கோயில் தோப்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஊர் முடிவு செய்தது. பங்குச் சாமியார் இடம் தந்தார். கட்ட உதவி வேண்டும் என்றால் ஆல்பம் மட்டும் போதாது, கம்பும் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்கள். பழைய கம்பைச் சார் எனக்கே கொடுத்துவிட்டார். என் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் புதிய கம்பு ஒன்றை ஊன்றினார். இந்தத் தடவை என்னைப் பார்க்காமல் சாமியாரைப் பார்த்து, "யாரும் காப்பாத்தக் கூடாதுங்க" என்றார்.

ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்பும் வந்தது: "கடற்கரையில் நடப்பட்டுள்ள கம்பை யாரும் கரையேற்ற வேண்டாம்." எங்கள் கோயிலில் அதுவரை அப்படியொரு அறிவிப்பு வந்ததில்லை.

வரிசையாக எல்லாரும் தோப்புக்குப் போகத் தொடங்கினார்கள். நான் போகவில்லை. "கல்லும் வேண்டாம், நானும் வரமாட்டேன்" என்றேன். அந்தோணி கெஞ்சினான், மருமகள் அழுதாள். நான் கதவுப்படியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆடியில் கடல் ஏறியது. கம்பைச் சுற்றி அலை அடித்தது. ஊரே கரையில் நின்று பார்த்தது. ஒரு பொருள் கடலில் போவதைக் கைகட்டிப் பார்ப்பது எங்களுக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? வயசான சூசை, "எனக்குப் பாக்க முடியல" என்று கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். பிலோமினா தன் கையைத் தன் முந்தியாலேயே கட்டிக்கொண்டாள். குடித்துவிட்டு வந்த ஒருத்தன் காப்பாற்ற ஓட, நாலு பேர் அவனைப் பிடித்து மணலில் அமுக்கினார்கள்.

மத்தியானச் சோறு ஆறிக்கொண்டிருக்கும்போது கம்பு சாய்ந்தது. நிமிர்ந்தது. ஒரு பெரிய அலை வந்தது. அவ்வளவுதான். கரையில் ஒரே கைதட்டல்.

ஷீலா போனை எடுத்துக் கத்தினாள். "சாரே, விழுந்துட்டு! கம்பு போச்சு!"

"ரொம்ப சந்தோஷமுங்க!" என்றார் சார், எல்லாருக்கும் கேட்கிற சத்தத்தில். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "கம்புக்கு அடுத்தது என்னங்க இருக்குது?" என்று கேட்டார்.

கைதட்டல் நின்றது. எல்லாரும் திரும்பினார்கள். கம்புக்கு அடுத்தது நான் இருந்தேன்.

நாற்காலி

மறுநாள் காலை அலை அடுக்களைச் சுவரைத் தொட்டது. சார் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். நான் நாற்காலியிலேயே இருந்தேன்.

"மைனி, எழும்பு" என்றாள் பிலோமினா.

"நான் வரமாட்டேன்."

"நீ அந்தக் கம்ப எத்தன தடவ கரையேத்துன? வரமாட்டேன்னு அது ஒன்கிட்ட சொல்லிச்சா?"

"ஏட்டி, அது கம்பு."

"நீயும் அப்பிடித்தானே நிக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பி, "மக்கா, பிடிங்க!" என்றாள்.

நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். ஒரு காலை அந்தோணி, ஒரு காலைப் பிலோமினா. மூன்றாவது காலைப் பிடித்தவள் ஷீலா.

"ஏட்டி ஷீலா, இது பிளாஸ்டிக்காக்கும்" என்றேன்.

"இன்னைக்கு மட்டும் விடுங்க பாட்டி" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

நாலாவது கால் தொங்கியது. நான் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். சார் டேப்பைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றார்.

"சாரே, இதத் தொடலாமா, தொடக்கூடாதா?" என்று கேட்டேன்.

அவர் டேப்பை மணலில் போட்டார். "இதைத் தொடலாமுங்க" என்று வந்து நாலாவது காலைப் பிடித்தார்.

பின்னால் கதவு, ஜன்னல், அம்மி, மாதா படம், பழைய கம்பு எல்லாம் வந்தன. பெரிய வள்ளம் இழுக்கும்போது பாடுகிற ஏலேலோவை யாரோ எடுத்துவிட்டார்கள். ஊரே பாடியது. நடுவில் நான் மேலே, அரசாங்க மந்திரி மாதிரி. குருசடியைத் தாண்டும்போது தொட்டுக் கும்பிட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். அடுக்களைக்குள் அலை போய்விட்டு, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தது.

இப்போது தோப்பில்தான் வீடு. கடல் தெரியாது, கேட்கும். பழைய கம்பை முற்றத்தில் ஊன்றிக் கொடி கட்டியிருக்கிறேன். சாயம் போய்விட்டது. சார் இன்றைக்கும் எப்போதாவது வருவார். கட்டன்சாயா குடிப்பார். போகும்போது கம்பை ஒரு பார்வை பார்ப்பார்.

"இது நட்ட இடத்துலயேதான் இருக்குதுங்களா, பாட்டிம்மா?"

"இருக்கு தம்பி. அந்தக் கயிறும் இருக்கு."